எலிக் கூடத்து மயில்கள்

"என்ன திருட்டுப் போச்சு அண்ணாச்சி?" என்று ஜெயஷீலா கேட்டாள்.

"மாத்திரை மெஷினு," என்றார் பூவனநாதன்.

"மாத்திரையா, மெஷினா?" என்றான் ரூபஸ்.

"மாத்திரை அடிக்குத மெஷினு தம்பி. மேல மாவைப் போட்டா கீழ மாத்திரையா விழும். ரெண்டு பீரோ கனம் இருக்கும். திங்கக்கிழமை வந்து..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "திங்கக்கிழமை வரைக்கும் இருந்துச்சு. இன்னைக்குக் காலையில நான் சென்னையிலேருந்து வந்து பாக்கேன், ரூம் காலியாக் கெடக்கு."

ஜெயஷீலா துப்பறியும் நிலையம் கோவில்பட்டி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு செல்போன் கடையின் மாடியில் இருந்தது. ஜெயஷீலா பெண் போலீஸாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். கொலை, கொள்ளை என்று யாராவது படியேறி வருவார்கள் என்று நம்பித்தான் பலகை மாட்டினாள். வந்ததெல்லாம் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பானா, பெண் கழுத்தில் கிடப்பது சொந்த நகையா, துபாய் வேலை துபாயில்தான் இருக்கிறதா. அதில் அவளுக்குச் சுற்றுவட்டாரத்தில் நல்ல பெயர்.

ரூபஸ் அவளுடைய ஒரே உதவியாளன். முன்பு மருந்துக் கம்பெனி ரெப்பாக ஊர் சுற்றியவன். டாக்டர்களிடம் மருந்தைப் பற்றிப் பேசாமல் ஜோக் சொல்லிக்கொண்டிருந்ததால் கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதே ஜோக்குகளை இப்போது ஜெயஷீலாவிடம் சொல்கிறான். அவள் சிரிப்பதில்லை, ஆனால் வேலையை விட்டு அனுப்பவும் இல்லை.

பூவனநாதன் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. லைட்டர் வந்து தீப்பெட்டி வியாபாரம் படுத்தபோது ஒரு ஜோசியர், "படிப்பு சம்பந்தமா ஏதாச்சும் தொடங்குங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது தன் மகனைப் படிக்க வைக்கும்படியாகவும் இருக்கலாம். பூவனநாதன் இடைசெவல் பக்கம் நெடுஞ்சாலையோரத்துத் தரிசில் ஒரு பார்மசி கல்லூரி கட்டி, தாளாளர் ஆனார்.

"நாளைக்குக் காலையில டெல்லி கவுன்சில்லேருந்து இன்ஸ்பெக்ஷனுக்கு வாராவ மேடம். சாதா இன்ஸ்பெக்ஷன்னா பயமில்ல. வருஷா வருஷம் பாத்துட்டு, 'சரி, இந்த வருஷம் நடத்திக்கோ'ன்னுட்டுப் போவாவ. இப்ப மொத செட் பிள்ளைக கடைசி வருஷம் முடிக்குது. இந்தத் தடவை பாத்துட்டுத்தான் படிப்புக்கே அங்கீகாரம் குடுப்பாவ."

"குடுக்கலைன்னா?"

"காலேஜ் பேரு நாறிரும். அடுத்த வருஷம் ஒரு பய சேரமாட்டான்."

"பிள்ளைகளுக்கு?"

"அவியளுக்கு என்ன, பட்டம் கையில இருக்கும். பார்மசிஸ்ட்னு பதிவு பண்ண முடியாது. மருந்துக்கடை வைக்க முடியாது, ஆஸ்பத்திரி வேலை கெடைக்காது. அவ்வளவுதான்."

ஒரு வகுப்புப் பிள்ளைகளின் நான்கு வருடப் படிப்பை அவர் ஓர் 'அவ்வளவுதான்' போட்டு மூடிவைத்தது ரூபஸுக்குப் பிடிக்கவில்லை. எரிச்சல் வந்தால் அவனுக்கு ஜோக் வராது.

"யார் மேலயாவது சந்தேகமா?" என்றாள் ஜெயஷீலா.

"பிரின்சிபால் கிருஷ்ணவேணி மேலதான். எப்பப் பாத்தாலும் சட்டம் பேசும் அந்தம்மா. எனக்கு ரெண்டே ரெண்டுதான் வேணும் மேடம். நாளைக்குக் காலையில மெஷின் அந்த ரூம்ல நிக்கணும். அதுக்குப் பொறவு அது அந்த ரூமை விட்டு ஒரு இஞ்சு அசையக்கூடாது. அதுக்கு நீங்க என்ன செஞ்சாலும் சரி, நான் ஒரு கேள்வி கேக்கமாட்டேன்."

"அசையக்கூடாது," என்று ஜெயஷீலா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "ரூபஸ், அண்ணாச்சி சொன்னதை ஞாபகம் வச்சுக்க."

பூவனநாதன் தன் செல்போனில் மெஷினின் படத்தைக் காட்டினார். போன இன்ஸ்பெக்ஷனில் எடுத்தது. கல்யாண மாப்பிள்ளையாகக் கழுத்தில் ரோஜா மாலையோடு மெஷின் நின்றது. ஜெயஷீலா படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள்.

கல்லூரிக்குப் போய் இறங்கியபோது வெயில் உச்சியில் நின்றது. சுற்றிலும் கரிசல் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பில் கால் விட்டால் கணுக்கால் வரை போகும் போலிருந்தது. வாசலை ஒட்டி 'மூலிகைத் தோட்டம்' என்று புதுப் பெயின்டில் ஒரு பலகை. அதற்குப் பின்னால் துளசி, ஆடாதொடை, நித்தியகல்யாணி எல்லாம் வரிசையாகப் பச்சைப் பசேலென்று நின்றன. ஜெயஷீலா குனிந்து ஒரு செடியின் அடியைத் தோண்டினாள். கைக்குச் செம்மண் வந்தது. அதற்கும் கீழே பிளாஸ்டிக் தொட்டியின் விளிம்பு தட்டுப்பட்டது.

"கரிசக் காட்டுல செம்மண்ணு," என்றாள்.

"செடிகளும் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்திருக்குபோல. ரெண்டு நாள் தங்கிட்டுப் போயிருமா அக்கா?"

"ஏலே, பொண்ணு பாக்க வார வீட்டுல இரவல் நகையை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன், சொல்லு பாப்போம்."

"எடை போட்டா?"

"சொந்த நகை போட்டவ அதை மறந்துருவா. இரவல் நகை போட்டவ நிமிஷத்துக்கு ஒருக்காத் தொட்டுத் தொட்டுப் பாப்பா. இந்தக் காலேஜ்ல எல்லாரும் எதையோ தொட்டுப் பாத்துக்கிட்டே இருக்காவ."

அது உண்மைதான். ஒருவர் நூலகத்தில் புத்தகங்களின் முதுகைத் தடவி அடுக்கிக்கொண்டிருந்தார். அறைக்கு வெளியே புதிதாக வந்த இரண்டு பேராசிரியர்கள் தங்கள் பெயர்ப்பலகையைத் தாங்களே படித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். கட்டடத்துக்குப் பின்புறம், தனியாக ஒதுங்கி நின்ற ஒரு சின்னக் கூடத்தின் ஜன்னலுக்குக் கீழே மட்டும் யாரும் எதையும் தொடவில்லை. அங்கே ஏழெட்டு மயில்கள் தரையைக் கொத்திக்கொண்டிருந்தன.

"அது என்ன கூடம்?" என்று ரூபஸ் காவல்காரர் சங்கரபாண்டியிடம் கேட்டான்.

"எலிக் கூடம் தம்பி. மருந்தைச் சோதிக்க எலி வளக்கணுமாம்."

"எலி எங்கே?"

"கூண்டு வந்திருக்கு. எலி வரல. இந்தச் சனியன் பிடிச்ச மயிலுக முன்னால அந்தப் பக்கமே வராது. நேத்திலேருந்து அங்கேயேதான் குடியிருக்குதுக."

"எலிக்குப் பதிலா மயிலை வச்சுச் சமாளிக்கப் போறாவளோ என்னமோ," என்றான் ரூபஸ். ஜெயஷீலா வழக்கம்போலச் சிரிக்கவில்லை.

மெஷின் ரூமில் நான்கைந்து சின்ன இயந்திரங்கள் இருந்தன. மருந்தை அரைப்பது, சலிப்பது, மாத்திரைக்கு மேல்பூச்சு கொடுப்பது. எல்லாவற்றின் நெற்றியிலும் ஆயுதபூஜைக்கு இட்ட திருநீற்றுப் பட்டையும் நடுவில் குங்குமமும் காய்ந்து கிடந்தன. நடுவில் இருந்த காலியிடத்தில் ஜெயஷீலா முழந்தாளிட்டு உட்கார்ந்து தரையைத் தடவினாள். தரை வழவழவென்று இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை, போல்ட் அடித்த ஓட்டை இல்லை. ஆனால் சுவரோரத்திலிருந்து அந்தக் காலியிடத்துக்குச் சாரை சாரையாக எறும்புகள் வந்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

"ரூபஸ், நீ மருந்துக் கம்பெனியில இருந்தவன். மாத்திரை எப்படி இருக்கும்?"

"கசக்கும். அதைவிட விலை கசக்கும்."

"கசக்குத இடத்துக்கு எறும்பு எதுக்கு வருது?"

ரூபஸ் குனிந்து எறும்பு வரிசையைப் பார்த்தான். ஜெயஷீலா போனில் மாலை போட்ட மெஷினின் படத்தை விரல்களால் பெரிதாக்கி அவன் முன்னால் நீட்டினாள்.

"ரூம்ல இருக்குத அத்தனை மெஷினும் பட்டை போட்டிருக்கு. காணாமப் போனது மட்டும் என்ன போட்டிருக்கு, பாரு."

மாலைக்கு மேலே, மெஷினின் நெற்றியில், வெள்ளையும் சிவப்புமாக ஒரு திருநாமம் பளிச்சென்று இருந்தது.

"அக்கா, அப்ப அந்த ஆளு நமக்கு நாமத்தைப்..."

"அந்த ஜோக்கு வேண்டாம். ஊர்ல எல்லாரும் சொல்லியாச்சு," என்றாள் ஜெயஷீலா. "ஆயுதபூஜைக்கு எல்லா மெஷினும் வீட்டுல இருக்கும். இது மட்டும் அன்னைக்கு வேற வீட்டுல இருந்திருக்கு. பெருமாளைக் கும்பிடுத வீடு. மாத்திரை மாதிரி, ஆனா இனிப்பா, எதையோ அடிக்குத வீடு. யாருலே?"

இந்த முறை ரூபஸுக்குப் பதில் தெரிந்திருந்தது. "வன்னியபெருமாள். எட்டயபுரம் ரோட்டுல சூடமிட்டாய் கம்பெனி வச்சிருக்காரு. பூவனநாதன் அண்ணாச்சிக்கு மச்சினன்."

கிளம்பும்போது வழியில் பிரின்சிபால் கிருஷ்ணவேணி எதிர்ப்பட்டார். மருந்தியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். நான்கு வருடமாகத் தூங்காதவர் மாதிரி முகம். "மெஷினைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது," என்று கேட்கும் முன்பே சொல்லிவிட்டுப் போனார். அவர் பின்னால் வந்த கடைசி வருடத்து மாணவி ஒருத்தி மட்டும் நின்றாள். வெள்ளைக் கோட்டில் சத்யபிரியா என்று நூலால் பின்னியிருந்தது.

"எத்தனை மணிக்குத் தேடி முடிப்பீங்க அக்கா?" என்று கேட்டாள்.

"ஏட்டி, உனக்கு எதுக்கு அவசரம்?"

"எனக்கு நாகலாபுரம். எங்க ஊர்ல ராத்திரி ஒரு காய்ச்சல்னா மாத்திரைக்குப் பஸ் கெடையாது. நான் கடை வைப்பேன்னு எங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கிப் படிக்க வச்சா. இந்த அங்கீகாரம் வரலைன்னா நானும் போய்ப் பக்கத்துல உக்காந்து குச்சி அடுக்கணும்."

சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டாள். ரூபஸ் பைக்கை உதைத்தபோது அவனுக்கு மறுபடியும் ஜோக் வரவில்லை.

சூடமிட்டாய் கம்பெனியின் தகரக் கொட்டகைக்குள் நுழைந்ததும் பெப்பர்மின்ட் வாசத்தில் மூக்கு குளிர்ந்தது. பெண்கள் தரையில் உட்கார்ந்து வெள்ளை வெள்ளையாய் வட்ட மிட்டாய்களைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டகையின் நடுவே ஒரு சிமெண்டு மேடை. அதில் நான்கு போல்ட் ஓட்டைகள், வருடக்கணக்கில் ஊறிய எண்ணெய்க் கறை, பின்சுவரில் பெரிதாக ஒரு திருநாமம். மேடையில் மெஷின் இல்லை.

"இதுதான் அதோட சொந்த வீடு," என்றாள் ஜெயஷீலா.

வன்னியபெருமாள் குண்டாக, வியர்த்துக்கொண்டு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருடைய முகம் வெளிறியது.

"திருட்டுப் போச்சா? என் மெஷினா? நான்தானே திங்கக்கிழமை லாரியில ஏத்தி அனுப்பினேன்! ஒவ்வொரு இன்ஸ்பெக்ஷனுக்கும் தார்ப்பாய் போட்டு மூடிப் போகும், மாலையோட திரும்பி வரும். எறும்பு வரும்னு நல்லாத் தொடைச்சுத்தான் அனுப்புவேன். கேளுங்க மேடம், எனக்கு ஒரு புது மெஷின் வாங்கிக் குடுத்துட்டு இதை அங்கேயே வச்சிக்கிடுங்க மச்சான்னு நாலு வருஷமாக் கத்துதேன். 'மாப்ள, ஒரு நாள் கூத்துக்கு எதுக்குப் புதுசு'ங்காரு."

"கடைசியா எப்ப எப்படிக் கேட்டாரு?"

"அவரு கேக்கலியே. புதன்கிழமைதான் வேணும்னு சொல்லியிருந்தாரு. திங்கக்கிழமை காலையில காலேஜ்லேருந்து ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. இன்னைக்கே அனுப்புங்கன்னுச்சு. நானும் அனுப்பிட்டு, அனுப்பியாச்சுன்னு மட்டும் மச்சானுக்கு போன்ல சொன்னேன். அதுவரைக்கும் சரி. பொறவு ஒண்ணு கேட்டுச்சு பாருங்க, அதுதான் எனக்கு விளங்கல. மாவை அமுக்குத 'பஞ்ச்' இரும்பை முடுக்குத ஸ்பேனரையும் சேத்து அனுப்பணுமாம். மாத்திரை கனம் கூடினா எந்தத் திருகைத் திருப்பணும்னு வேற கேட்டுச்சு."

ஜெயஷீலா முதல்முறையாகச் சிரித்தாள். ரூபஸுக்கு வன்னியபெருமாள் மேல் பொறாமையே வந்துவிட்டது.

"ஏலே ரூபஸ், நீ ஒரு பைக்கைத் திருடுத. ஓனருக்கு போன் போட்டு, 'அண்ணாச்சி, கியர் எப்படிப் போடணும்'னு கேப்பியா?"

"கேக்கமாட்டேன். பிரேக் இருக்கான்னு மட்டும் கேப்பேன்."

"திருடனுக்கு மெஷின் போதும். ஓட்டணும்னு நினைக்குதவளுக்குத்தான் ஸ்பேனர் வேணும். அந்த நாகலாபுரத்துப் பிள்ளை என்கிட்ட என்ன கேட்டா? மெஷின் கெடைச்சிருமான்னா கேட்டா? எப்ப தேடி முடிப்பீங்கன்னு கேட்டா. நாம எப்ப போய்த் தொலைவோம்னு அவளுக்குத் தெரியணும்."

"அப்ப மெஷின் எங்கக்கா?"

"மயில்ட்ட கேளு."

ரூபஸுக்குச் சட்டென்று விளங்கியது. விளங்கியதும், இவ்வளவு நேரம் விளங்காததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. அவன் ஓட்டிய வேகத்துக்கு வழியிலிருந்த காத்தாடிகள்கூட மெதுவாகச் சுற்றுவதாகத் தோன்றியது. எட்டயபுரம் பக்கம் மானாவாரிக் காட்டில் வெள்ளை வெள்ளையாய் நின்று மின்சாரம் எடுக்கும் அந்த ராட்சசக் காற்றாலைகளைத்தான் ஊரில் காத்தாடி என்பார்கள். ஜெயஷீலா பின்னால் உட்கார்ந்து அவற்றின் அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எலிக் கூடத்தின் ஜன்னலுக்குக் கீழே மயில்கள் இன்னும் கொத்திக்கொண்டிருந்தன. ரூபஸ் கையை ஆட்டி விரட்டினான். ஓடுவதற்கு மனமில்லாமல் நாலடி தள்ளிப்போய் நின்றுகொண்டன. தரையில் வெள்ளை மாத்திரைகள். சில உடைந்தவை, சில தலை மட்டும் தனியாகக் கழன்றவை, சில பொடி. ஒன்றை எடுத்து ரூபஸ் நாக்கில் வைத்தான்.

"ஏலே!"

"சோள மாவுக்கா. கொஞ்சம் சூடமிட்டாய் வாசம்."

உள்ளேயிருந்து சீராக ஒரு சத்தம் வந்தது. ஜெயஷீலா கதவைத் தள்ளினாள்.

காலி எலிக்கூண்டுகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு, நடுவில் மெஷினை நிறுத்தியிருந்தார்கள். கடைசி வருடத்து வகுப்பு முழுவதும் அதைச் சுற்றி நின்றது. சத்யபிரியா கையில் ஸ்பேனரோடு குனிந்திருந்தாள். பிரின்சிபால் கிருஷ்ணவேணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "இப்ப அழுத்தத்தைக் குறைச்சுப் பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். களவு போன மெஷின் நான்கு வருடத்தில் முதல்முறையாக அந்தக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

யாரோ சுவிட்சை அணைத்தார்கள். சத்தம் நின்றதும் மயில் அகவியது நன்றாகக் கேட்டது.

"நான்தான் போன் பண்ணினேன்," என்றாள் சத்யபிரியா. "மேடத்துக்கும் இதுக்கும்..."

"சும்மா இரு," என்றார் கிருஷ்ணவேணி. "சாவி என்கிட்ட இருந்தது. நான்தான் திறந்துவிட்டேன். என்ன செய்யச் சொல்லுதீங்க? நாலு வருஷமா படத்துல காட்டித்தான் நடத்துதேன். மெஷின் வார அன்னைக்கு மாலையோட நிக்கும். பிள்ளைக தொடக்கூடாது, பூ உதிரும்பாரு தாளாளர். வாங்கித் தாங்க, ஓட்டணும்னு கேட்டேன். 'மெஷின் பாக்குததுக்குத்தான் மேடம், ஓட்டுததுக்கு இல்ல'ன்னாரு. நாளைக்கு வாரவிய பிள்ளைக கையில குடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுவாவ. இவளுக என்ன செய்வாளுக, மாலையைச் சரி பண்ணுவாளுகளா?"

"இன்னைக்கு ராத்திரியே ரூம்ல கொண்டு போய் வச்சிருப்போம் அக்கா," என்றாள் சத்யபிரியா. "தாளாளர் சார் நாளைக்குத்தான் வருவாருன்னு நினைச்சோம். இன்னைக்கே வந்துட்டாரு."

ஜெயஷீலா மெஷினை ஒருமுறை சுற்றி வந்தாள். அதன் நான்கு கால்களிலும் இருந்த ஓட்டைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு ரூபஸிடம், "போய் எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வா. மெதுவா வா," என்றாள்.

ரூபஸ் திரும்பி வந்தபோது அவள் போனில் யாரிடமோ, "ஆமா, உங்க காத்தாடிக்குப் போடுத மாதிரியேதான்" என்று சொல்லி முடித்துக்கொண்டிருந்தாள். அடுத்து வன்னியபெருமாளை அழைத்து இரண்டு வார்த்தை பேசினாள். கடைசியாகப் பூவனநாதனுக்கு.

"மெஷின் கெடைச்சாச்சு அண்ணாச்சி. காலையில இடத்துல நிக்கும்... எடுத்தது யாரா? கேள்வி கேக்கமாட்டேன்னு சொன்னீங்களே... ஆமா, நீங்க சொன்ன ரெண்டாவது வேலையையும் சேத்தே முடிச்சிருதேன்."

மறுநாள் காலையில் மெஷின் மெஷின் ரூமில் நின்றது. புது ரோஜா மாலை, அடியில் நான்கு கால்களையும் மறைத்து மாவிலைத் தோரணம். பூவனநாதன் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தூரத்தில் நின்று கும்பிட்டதால் அவருக்கு மெஷின் மட்டும்தான் தெரிந்தது.

கவுன்சிலிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டு ஆங்கிலத்தில் தலையாட்டினார். இன்னொருவர் நரைத்த மனிதர், வெளிமாநிலப் பேராசிரியர். மதுரையில் படித்தவராம், தமிழிலேயே பேசினார். ரூபஸும் ஜெயஷீலாவும் காவலுக்கு என்று சொல்லிக் கதவோரம் நின்றார்கள். மெஷின் ரூமுக்கு வந்ததும் நரைத்தவர் மாலையைக் கழற்றிப் பூவனநாதனின் கையில் கொடுத்துவிட்டு, மாணவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"யாராவது ஓட்டிக் காட்டுங்கள்."

சத்யபிரியா முன்னால் வந்தாள். மாவைப் போட்டாள், ஸ்பேனரை எடுத்தாள், திருகைக் கொஞ்சம் திருப்பினாள். மெஷின் ஓடியது. மாத்திரைகள் விழுந்தன.

"இங்கே என்ன கோளாறு அதிகம் வரும்?"

"மாத்திரையோட தலை கழண்டுரும் சார். இங்க காத்துல ஈரமே இல்ல. மாவு ரொம்பக் காஞ்சிருது. கொஞ்சம் ஈரப்பதம் விட்டு அடிக்கணும்."

அவர் தலையாட்டிக்கொண்டே ஒரு மாத்திரையை எடுத்தார். மூக்கருகில் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"இது என்ன வாசனை?"

பொய் சொல் பிள்ளை, ஏதாவது மூலிகைப் பெயரைச் சொல் என்று ரூபஸ் மனசுக்குள் கெஞ்சினான். அவனுக்கே பத்துப் பெயர் வாயில் வந்தது.

"சூடமிட்டாய் சார்," என்றாள் சத்யபிரியா.

பூவனநாதன் மாலையைத் தவறவிட்டார்.

"கழுவித்தான் போட்டோம். ஆனா முன்னால அடிச்சதோட வாசம் உள்ள நிக்குது. ஒரு சரக்குல இன்னொரு சரக்கு கலந்தா அதை நோயாளிக்குக் குடுக்கக்கூடாது." அவள் தட்டில் விழுந்திருந்த அத்தனை மாத்திரையையும் எடுத்துக் கழிவுத்தொட்டியில் கொட்டினாள். "இது செல்லாது சார். மெஷினைக் கழட்டிச் சுத்தம் பண்ணிட்டுத் திரும்ப அடிக்கணும்."

நரைத்தவர் அவளைப் பார்த்தார், காலியான தட்டைப் பார்த்தார், பிறகு பூவனநாதனைப் பார்த்தார்.

"நான் நிறைய கல்லூரி பார்த்திருக்கிறேன். மெஷின்கள் வரும், போகும். இது இங்கேயே இருக்குமா?"

"இருக்கும் சார்!" என்று பூவனநாதன் பதறிக்கொண்டு சொன்னார். "சத்தியமா சார், இந்த ரூமை விட்டு ஒரு இஞ்சு அசையாது!"

நரைத்தவர் குனிந்து மாவிலைத் தோரணத்தை விலக்கிப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு இருந்தது. "அசையாது," என்று ஒத்துக்கொண்டார். கழிவில் கிடந்த மாத்திரைகளைச் சுட்டி, "நான் கேட்க வந்த பதில் இதுதான்," என்றார் கிருஷ்ணவேணியிடம். வாசலைத் தாண்டும்போது திரும்பி, "கடை எங்கேம்மா வைக்கப் போகிறாய்?" என்று கேட்டார்.

"நாகலாபுரத்துல சார்," என்றாள் சத்யபிரியா.

அவர்களுடைய கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் லாரி உள்ளே வந்தது. சுமைக்காரர்கள் கடப்பாரையோடு மெஷின் ரூமுக்குள் போனார்கள். முக்கினார்கள், ஏலேலோ போட்டார்கள், வெளியே வந்து தலையைச் சொறிந்தார்கள்.

"மொதலாளி, வரமாட்டேங்குது. தரையோட பிடிச்சுக் கெடக்கு."

பூவனநாதன் உள்ளே ஓடி, தோரணத்தைப் பிடுங்கி எறிந்தார். நான்கு கால்களிலும் கட்டைவிரல் தடிமனில் நான்கு போல்ட்கள் தரைக்குள் இறங்கியிருந்தன. சுற்றிலும் கருங்கல் மாதிரி இறுகிப்போன ஏதோ ஒரு காரை.

"காத்தாடிக்கு அஸ்திவாரம் போடுத முத்துசெல்வம் செஞ்ச வேலை அண்ணாச்சி," என்றாள் ஜெயஷீலா. "எவ்வளவு காத்தடிச்சாலும் நிக்கும். இனி இது அசையணும்னா கட்டடமும் சேந்துதான் அசையணும். ஒரு இஞ்சு அசையக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. என்கிட்ட ஒருக்கா, அவியகிட்ட ஒருக்கா."

"அது என் மச்சினன் மெஷினும்மா!"

லாரியின் முன்சீட்டிலிருந்து வன்னியபெருமாள் இறங்கி வந்தார். அவர் முகத்தில் துக்கம் துளிகூட இல்லை. "நல்லா இருக்கட்டும் மச்சான். உங்க வீட்டுல எங்க அக்காவுக்கும் போன்ல சொல்லிட்டேன், சந்தோஷப்பட்டா. எனக்குப் புது மெஷினுக்கு எப்ப ஆர்டர் போடலாம்?"

பூவனநாதன் சுவரில் சாய்ந்தார். தாழ்ந்த குரலில், "கேள்வி கேக்கமாட்டேன்னுதான் சொன்னேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க மேடம். அதைத் திருடுனது யாரு?" என்றார்.

"நாலு வருஷமா அதைப் பிள்ளைக தொடவிடாம வச்சிருந்தவிய யாரோ, அவியதான் அண்ணாச்சி."

அவர் மெல்ல வெளியே நடந்தார். உள்ளே சத்யபிரியா மெஷினைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வருடத்துப் பிள்ளைகள் வாசலில் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். கிருஷ்ணவேணி அவர்களை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டினார்.

ரூபஸ் பைக்கை எடுக்கப் போனான். எலிக் கூடத்துப் பக்கம் வெறிச்சோடிக் கிடந்தது. மயில்கள் இடம் மாறி, மெஷின் ரூம் ஜன்னலுக்குக் கீழே வந்து காத்துக்கொண்டிருந்தன.